டயல் கடைசியில்தான்: வேட்டைத் துவக்குக்கு ஏற்ற ரவையைத் தெரிந்தெடுத்து சீரோ செய்யும் முறை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் பல இடங்களில் மான் வேட்டைக்கான துவக்குப் பருவம் நவம்பரில் வரும். அதற்கு முந்திய சனிக்கிழமைகளில் றேஞ்சில் மேசை கிடைப்பதே பாடு. அங்கே ஒவ்வொரு வருடமும் ஒரே காட்சியைப் பார்க்கிறேன். புதியவர் ஒருவர் ஒரு வெடி வைப்பார். துளை இரண்டு அங்குலம் இடப்பக்கம் விழும். உடனே ஸ்கோப்பின், அதாவது துவக்கின் மேலுள்ள குறிபார்க்கும் தொலைநோக்கியின், டயலைத் திருப்புவார். அடுத்த வெடி வலப்பக்கம். திரும்பவும் திருப்புவார். இருபது ரவைப் பெட்டி முடியும்போது குறித்தாள் முழுக்கத் துளை இருக்கும். ஸ்கோப் பழுது என்று முடிவுகட்டிக்கொண்டு வீட்டுக்குப் போவார்.

ஸ்கோப்பில் பழுதில்லை. இறுகாத திருகாணி, வெருளும் தோள், சூடேறிய குழல், துவக்குக்கு ஒத்துவராத ரவை ஆகிய நான்கு பிழைகளையும் ஒரே டயலால் திருத்தப் பார்த்ததுதான் கோளாறு. ஆகவே சீரோ செய்யும்போது, அதாவது குறிவைத்த இடத்திலேயே வெடி விழும்படி ஸ்கோப்பைச் சரிசெய்யும்போது, கீழே உள்ள ஒழுங்கை மாற்றாதீர்கள். நுண்ணிய திருத்தத்துக்கு டயலைத் தொடுவது ஒன்பதாவது படியில்தான்.

உதாரணத்துக்கு எடுத்திருப்பது .308 வின்செஸ்ரர் ரவை போடும் போல்ற் துவக்கு. குழலின் பின்பக்கத்தில் ரவை இருக்கும் அறையைக் கையால் இழுத்துப் பூட்டும் தண்டுதான் போல்ற். ரவை கடையில் வாங்கியது. ரவையை வீட்டில் தாங்களே நிரப்புகிறவர்கள் உண்டு. அது தனிப் பாடம். ஆனால் இந்தப் படிகள் கைவராதவருக்கு, தான் நிரப்பிய ரவை நல்லதா கெட்டதா என்றே தெரியவராது. அவருக்கும் தொடக்கம் இதுதான்.

1. புறப்படுமுன் சேர்க்க வேண்டியவை

துவக்கு வைத்திருப்பதற்கான உரிமம் கையில் இருக்க வேண்டும். உரிமம் இன்னும் கிடைக்காதவர், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்தில் நின்று நேரடியாகக் கண்காணித்தால் மட்டுமே சுடலாம். துவக்கை வெறுமையாக்கித்தான் காரில் ஏற்ற வேண்டும்.

காதுக்குள் வைக்கும் அடைப்பான், அதன்மேல் காதுமூடி என்று இரண்டையும் போடுங்கள். இந்த வகைத் துவக்கின் சத்தம் 150 டெசிபலைத் தாண்டும். கூரை போட்ட றேஞ்சில் அது திரும்பி வந்தும் அடிக்கும். செவியைக் காப்பது முதல் காரணம். சத்தத்துக்கு வெருளும் உடம்பு நேராகச் சுடாது என்பது இரண்டாவது.

கண்ணாடி, முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு மணல் பைகள், ஓரங்குலக் கட்டம் போட்ட குறித்தாள், அளவுகோல், பேனா, கொப்பி. கொப்பியைத்தான் எல்லோரும் மறப்பார்கள். கைப்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து எது எந்த ரவையின் துளை என்று ஒரு கிழமை கழித்துச் சொல்ல முடியாது.

2. குழலில் பொறித்ததும் பெட்டியில் அச்சிட்டதும் ஒன்றா?

குழலில் எந்த ரவைக்கானது என்று பொறித்திருக்கும். அதே பெயர் பெட்டியிலும், ரவையின் அடிப்பக்கத்திலும் இருக்க வேண்டும். 'அறைக்குள் போகிறது, போல்ற் பூட்டுகிறது' என்பது சான்றாகாது. .243 வின்செஸ்ரர், 7 மிமீ-08, .308 மூன்றும் ஒரே ரவைக் கோதிலிருந்து பிறந்தவை. மேசையில் கலந்து கிடந்தால் பார்வைக்கு மாறிப்போகும். பிழையான ரவை துவக்கையே வெடிக்க வைக்கலாம். ஆகவே மேசையில் எப்போதும் ஒரேயொரு பெட்டி.

பிறகு போல்ற்றைக் கழற்றிக் குழலுக்குள் பாருங்கள். மறுமுனை வெளிச்சம் வட்டமாகத் தெரிய வேண்டும். சென்ற வருடம் பூசிய எண்ணெய் குழலில் தேங்கி நின்றால் உலர்ந்த துணித்துண்டால் துடையுங்கள். எண்ணெய் ஊறிய குழலின் முதல் வெடி வேறெங்காவது போகும், அதை நம்பி டயல் திருப்பினால் கணக்கு அங்கேயே பிழைத்துவிடும்.

3. திருகாணிகள்

நான் பார்த்த 'ஸ்கோப் பழுது'களில் பெரும்பாலானவை இந்தப் படியில்தான் தீர்ந்தன.

துவக்கின் மேல் அடித்தட்டு, அதன்மேல் வளையம், வளையத்துக்குள் ஸ்கோப். இவற்றில் எங்கு இறுக்கம் குறைந்தாலும் ஒவ்வொரு உதையிலும் ஸ்கோப் ஒரு மயிரிழை அசையும். அந்த மயிரிழை 100 மீற்றரில் பல அங்குலம்.

கீழிருந்து மேலே போங்கள். அடித்தட்டின் ஆணிகளைக் கழற்றி, ஆணியிலும் துளையிலும் உள்ள எண்ணெயைத் துடைத்து, நீல நிற ஆணிப்பசை ஒரு சொட்டு வைத்து இறுக்குங்கள். எண்ணெயோடு இறுக்கிய ஆணி உதையில் கழன்று வரும். முறுக்குவிசை அளக்கும் ஸ்குறூ டிறைவர் ஒன்று வாங்குவது வீண்செலவல்ல. அடித்தட்டுக்குப் பொதுவாக 20 முதல் 25 அங்குல-இறாத்தல், வளையத்தின் மேல்மூடிக்கு 15 முதல் 18 என்பது வழக்கம். உங்கள் வளையத்தோடு வந்த தாளில் வேறு அளவு இருந்தால் அதுதான் சரி. 'கையால் நல்லா இறுக்கினேன்' என்பவர்கள் ஸ்கோப்பின் குழாயையே நசுக்கியதைப் பார்த்திருக்கிறேன். நசுங்கிய குழாயில் உள்ளே குறிபார்க்கும் குறுக்குக்கோடு சீராக நகராது.

மேல்மூடி ஆணிகளை முழுதாக இறுக்குவது 4ஆம் படி முடிந்த பிறகுதான். அப்போது ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போகாதீர்கள். கார்ச் சில்லின் நட்டுகளைப் போல மூலைக்கு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. இல்லாவிட்டால் ஸ்கோப் சரிந்து நிற்கும்.

துவக்குக் கட்டையையும் இரும்புப் பகுதியையும் சேர்க்கும் ஆணிகளையும் பாருங்கள். அடியில் இருப்பதால் ஒருவரும் அதைத் தொடுவதில்லை.

4. ஸ்கோப்பை உங்கள் கண்ணுக்குப் பொருத்துதல்

மேல்மூடியை முழுதாக இறுக்குமுன் செய்ய வேண்டிய வேலை இது. கண்ணை மூடிக்கொண்டு துவக்கைத் தோளில் வையுங்கள். கன்னம் இயல்பாக எங்கே படிகிறதோ அங்கே வைத்துவிட்டுக் கண்ணைத் திறவுங்கள். உருப்பெருக்கத்தைக் கூடிய அளவில் வைத்து, படம் முழு வட்டமாக, ஓரத்தில் கறுப்புப் பிறை இல்லாமல் தெரியும்வரை ஸ்கோப்பை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்று நாலு அங்குலம் இருக்கும். அதைவிட நெருங்கினால் உதையில் ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைப் பிளக்கும்.

வேட்டைக்குப் போடும் தடித்த மேலங்கியைப் போட்டுக்கொண்டு இதைச் செய்யுங்கள். ஓகஸ்ட் மாத ரீசேட்டோடு பொருத்திய ஸ்கோப், நவம்பர் அங்கியோடு ஓரங்குலம் தள்ளிப் போயிருக்கும்.

அடுத்தது, கண்பக்க வளையத்தைத் திருப்பிக் குறுக்குக்கோட்டைத் தெளிவாக்குவது. சூரியன் இல்லாத பக்கத்து வானத்தைப் பார்த்து, இரண்டு செக்கன் பார்ப்பதும் கண்ணை எடுப்பதுமாகச் செய்யுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானாகச் சரிசெய்துகொண்டு, தெளிவில்லாத கோட்டையும் தெளிவென்று காட்டும்.

5. வெடி வைக்காமலே பாதி வேலை

துவக்கை மணல் பைகளில் அசையாமல் வைத்து, போல்ற்றைக் கழற்றி, குழலின் பின்பக்கத்தால் 25 யார் தூரத்துக் குறித்தாளைப் பாருங்கள். கறுப்பு வட்டம் குழலின் நடுவில் தெரியட்டும். துவக்கை அசைக்காமல் ஸ்கோப்புக்குள் பார்த்து, குறுக்குக்கோடு அதே வட்டத்துக்கு வரும்வரை டயல்களைத் திருப்புங்கள்.

இங்கே எல்லோருக்கும் தலை சுற்றும். டயலில் 'மேலே' என்ற அம்புக்குறி சன்னம் (ரவையிலிருந்து பறந்து போகும் முனை) படும் இடம் மேலே போவதைச் சொல்கிறது. உள்ளே குறுக்குக்கோடு நகர்வது கீழே. ஆகவே இந்தப் படியில் மட்டும் அம்புக்குறிக்கு எதிர்ப்பக்கம் திருப்ப வேண்டியிருக்கும்.

போல்ற்றைக் கழற்ற முடியாத துவக்கானால் குழல்வாயில் செருகும் லேசர் கருவி உண்டு. அதைச் செருகியவரே எடுத்து, பெட்டியில் போட்டு, பெட்டியை மூடியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ரவையை எடுக்க வேண்டும். அடைத்த குழலில் வெடி வைத்தால் குழல் கிழியும்.

6. மேசையில் உட்காரும் விதம்

இந்தப் படியைத் தாண்ட ஆள்கள் பொறுமையிழப்பார்கள். நான் இங்கேதான் அரைமணி நேரம் செலவழிக்கச் சொல்வேன்.

முன்பை துவக்கின் முன்பிடிக்கு அடியில். குழலுக்கு அடியில் ஒருபோதும் இல்லை. வெடிக்கும்போது குழல் அதிரும். குழலையே பையில் சாய்த்தால் அந்த அதிர்வு தடைப்பட்டு சன்னம் வேறிடம் போகும். பின்பை கட்டையின் அடிப்பகுதிக்குக் கீழே. விசை இழுக்காத கை முன்னால் போய்க் குழலைப் பிடிக்கத் தேவையில்லை. அது பின்பையைப் பிடித்திருக்கட்டும். பையை அழுத்தினால் குழல்வாய் இறங்கும், தளர்த்தினால் ஏறும். உயரத்தைச் சீர்செய்வது இந்தக் கையின் வேலை.

இனிக் கண்ணை மூடி, ஒரு மூச்சு விட்டு, திறந்து பாருங்கள். குறுக்குக்கோடு வட்டத்தை விட்டு விலகியிருந்தால் கைகளால் துவக்கை இழுத்துச் சரிப்பண்ண வேண்டாம். கதிரையை நகர்த்துங்கள். தசையால் இழுத்துப் பிடித்த துவக்கு, விசை விடும் கணத்தில் தன் பழைய இடத்துக்குத் திரும்பும்.

துவக்கின் அறையில் ரவை இல்லாமல் பத்துத் தடவை விசையை இழுத்துப் பழகுங்கள். இந்த வகைப் புதிய துவக்குக்கு அதனால் கேடில்லை; .22 சிறு ரவைத் துவக்கில் மட்டும் செய்யாதீர்கள், ஊசி அறையின் விளிம்பில் மோதும். 'டக்' என்ற பிறகும் குறுக்குக்கோடு வட்டத்திலேயே நிற்கிறதா என்பதுதான் சோதனை.

அதற்கடுத்த சோதனைக்கு ஒரு நண்பர் வேண்டும். அவர் உங்களுக்குத் தெரியாமல் சிலவேளை உண்மை ரவையும் சிலவேளை போலி ரவையும் போட்டுத் தரட்டும். போலி ரவையில் துவக்கு உதைக்காது. ஆனால் உங்கள் தோள் முன்னுக்குப் பாயும், குழல்வாய் கீழே குத்தும், கண் மூடும். 'நானா? எனக்குப் பயமில்லை' என்று சொன்னவர்களில் பாதிப்பேர் அந்த இடத்தில் சிரித்துவிட்டு மௌனமாவார்கள். நானும் ஆனேன். இது பயமில்லை, உடம்பின் பழக்கம். வெறும் இழுப்பு பத்து, உண்மை வெடி ஒன்று என்று மாறி மாறிச் செய்தால் அடங்கும்.

7. 25 யாரில்

ஒரு வெடி. பிறகு டயல். 'ஒரு வெடியை நம்பித் திருப்பாதே' என்று சொன்னவன் இங்கே மட்டும் விதிவிலக்குக் கொடுக்கிறேன். இவ்வளவு கிட்டத்தில் துவக்கின் சிதறல் அரை அங்குலம்கூட வராது. பிழையோ பல அங்குலம். ஆகவே ஒரு துளையே போதுமான செய்தி.

கிளிக் கணக்கில்தான் பலர் தடுக்கி விழுவார்கள். டயல் ஒரு படி திரும்புவது ஒரு கிளிக். பெரும்பாலான வேட்டை ஸ்கோப்புகளில் ஒரு கிளிக் கால் எம்ஓஏ (எம்ஓஏ என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு). அது 100 யாரில் கால் அங்குலம். 25 யாரில் அங்குலத்தில் பதினாறில் ஒன்றுதான். இரண்டு அங்குலம் நகர்த்த இங்கே 32 கிளிக் தேவை. எட்டுக் கிளிக் திருப்பிவிட்டு 'டயல் வேலை செய்யவில்லை' என்பார்கள்.

குறிவைத்த புள்ளியிலேயே துளை விழுந்தால் போதும். ஸ்கோப் குழலுக்கு ஒன்றரை அங்குலம் அளவில் மேலே இருப்பதால் சன்னம் கீழிருந்து ஏறி வந்து இந்தத் தூரத்தில் பார்வைக் கோட்டைத் தொடுகிறது. .308க்கு இங்கே சரியாக இருந்தால் 100 யாரில் இரண்டு மூன்று அங்குலம் மேலே விழும். தாளை விட்டுத் தப்பாது. நேரே 100 மீற்றரில் தொடங்கியவர்கள் தாளில் ஒரு துளையும் காணாமல் மண்மேட்டுக்குச் சுட்டுக்கொண்டிருப்பார்கள்.

8. 100 மீற்றரில் ரவையைத் தெரிந்தெடுத்தல்

ஒரே நிறுவனம், ஒரே மாதிரி, பக்கத்துப் பக்கத்து இலக்கமுள்ள இரண்டு துவக்குகள்கூட ஒரே ரவையை ஒரே மாதிரி ஏற்பதில்லை. நண்பரின் துவக்கில் நன்றாகப் போகும் ரவை உங்களுடையதில் சிதறலாம். சுட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

மூன்று நாலு வகை வாங்குங்கள். .308க்கு 150, 165, 180 கிறெயின் சன்னங்கள் கடையில் கிடைக்கும். 150 கிறெயின் என்பது 9.7 கிராம். பாரமான சன்னம் நீளமானது. அதை நிலையாகச் சுழற்றக் குழலின் உட்புரி விரைவாக முறுகியிருக்க வேண்டும். குழலில் 1:10 அல்லது 1:12 என்று பொறித்திருப்பது அந்த முறுக்கு, அதாவது எத்தனை அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பது. முழுச் செப்புச் சன்னம் ஈயத்தைவிட இலேசான உலோகத்தால் ஆனதால் அதே எடைக்கு இன்னும் நீளமாக இருக்கும். அதைச் சோதிப்பதானால் குழலைத் துப்புரவாக்கிவிட்டுத் தனியாகச் சோதியுங்கள்.

ஒவ்வொரு வகையிலும் ஐந்து வெடி, ஒரே புள்ளிக்கு. இந்தப் படி முடியும்வரை டயலைத் தொடாதீர்கள். துளைகள் வட்டத்துக்கு மேலே மூன்று அங்குலத்தில் விழுந்தாலும் கவலையில்லை. பார்ப்பது அவை ஒன்றோடொன்று எவ்வளவு நெருக்கம் என்பதை மட்டும். உண்மையில் குறிவைக்கும் புள்ளியைத் துளைகள் தின்றுவிடாமல் இருப்பது வசதி.

மூன்று வெடி போதாதா என்று கேட்பார்கள். போதாது. நல்ல ரவையும் சிலவேளை சிதறும், கெட்ட ரவையும் மூன்று துளையை ஒட்டிப் போடும். ஒரே புள்ளிக்கு வைத்த வெடிகளின் துளைக்கூட்டத்தைக் குறூப் என்போம். ஒரே துவக்கு, ஒரே ரவை என்றாலும் ஐந்து வெடிக் குறூப்பின் சராசரி அகலம் மூன்று வெடிக் குறூப்பைவிடக் கால் பங்கு கூடும். பத்து வெடியானால் ஏறத்தாழ 1.6 மடங்கு. ஆகவே உங்கள் மூன்று வெடியையும் நண்பரின் ஐந்து வெடியையும் ஒப்பிட்டு வாதாடுவதில் பொருளில்லை. நான் ஒவ்வொரு வகைக்கும் ஐந்து ஐந்தாக இரண்டு குறூப் எடுப்பேன். முதல் வகையின் இரண்டையும் முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகாமல் சுற்றி வருவேன். இல்லாவிட்டால் கடைசியில் சுடும் ரவைக்கு உங்கள் களைப்பும் பிற்பகல் காற்றும் கணக்கில் விழும்.

குழல் ஆறட்டும். வேட்டைத் துவக்கின் குழல் மெல்லியது. மூன்று வெடியிலேயே சூடேறும், சூட்டில் துளைகள் ஒரு பக்கமாக நடக்கத் தொடங்கும். கையால் தொட்டு ஐந்து செக்கன் வைத்திருக்க முடியாவிட்டால் போல்ற்றைத் திறந்து வைத்துவிட்டுத் தேநீர் குடியுங்கள். இடையில் சுடுவதை நிறுத்தும் கட்டளை வந்தால் போல்ற் திறந்தபடி, அறை வெறுமையாக, துவக்கை விட்டு எழும்பிப் பின்னால் நிற்க வேண்டும். தாளருகே ஆள் நிற்கும்போது ஸ்கோப்புக்குள் எட்டிப்பார்ப்பதும் தொடுவதாகவே கொள்ளப்படும்.

அளப்பது இப்படி: அதிக தூரத்திலுள்ள இரண்டு துளைகளின் வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்புக்கு அளந்து, சன்னத்தின் விட்டத்தை, .308க்கு 7.8 மிமீ, கழியுங்கள். 'அந்த ஒரு துளை என் பிழை, அதை விட்டுவிடுவோம்' என்று சொல்ல ஒரு நிபந்தனைதான் உண்டு. துளையைப் பார்க்குமுன், வெடித்த உடனே 'இழுத்துவிட்டேன்' என்று வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். பார்த்த பிறகு சொன்னால் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

எவ்வளவு போதும்? மானின் நெஞ்சுப் பகுதி எட்டு அங்குல வட்டம் அளவு. 100 மீற்றரில் ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்குள் ஐந்து வெடியும் நின்றால் மேலும் செலவழிக்க மாட்டேன். அரை அங்குலத்தைத் தேடி இன்னும் பத்துப் பெட்டி வாங்குவதைவிட அந்த ரவைகளை 11ஆம் படிக்கு வைத்திருப்பது புத்தி.

தெரிந்தெடுத்ததும், பெட்டியில் அச்சிட்டிருக்கும் தொகுதி இலக்கத்தைப் பார்த்து அதே தொகுதியில் இன்னும் சில பெட்டி வாங்கி வையுங்கள். ஒருமுறை நான் அதே பெயர், அதே எடை என்று நம்பி அடுத்த வருடத் தொகுதியை வாங்கினேன். 100 மீற்றரில் இரண்டு அங்குலம் தள்ளிப் போயிற்று. வேட்டைக்கு முதல்நாள் மாலை அதைக் கண்டுபிடித்தேன்.

9. இப்போது டயல்

தெரிந்தெடுத்த ரவையின் பத்துத் துளைகளுக்கும் நடுப்புள்ளியைக் கண்ணால் மதித்துப் பேனாவால் குறியுங்கள். திருத்துவது அந்த நடுப்புள்ளியை. எந்த ஒரு துளையையும் அல்ல.

சீரோ எங்கே இருக்க வேண்டும் என்பதை முன்பே தீர்மானியுங்கள். அடர்ந்த காட்டில் நூறு மீற்றருக்குமேல் பார்க்கவே முடியாத இடமானால் 100இலேயே மையத்தில் வையுங்கள். வயல்வெளி ஓரமானால் 100இல் இரண்டு அங்குலம் மேலே வைப்பேன். 150 கிறெயின் .308 அப்போது 200 யாரில் மையத்தில் விழும். 300 யாரில் எட்டு ஒன்பது அங்குலம் கீழே போய்விடும். 300 யார் எனக்கும் தூரம், புதியவருக்குப் பெருந்தூரம்.

ஒரு கணக்கு: 100 மீற்றரில் கால் எம்ஓஏ கிளிக் ஒன்று சுமார் 7 மிமீ. நடுப்புள்ளி 6 செமீ இடப்பக்கம், 4 செமீ கீழே. நமக்கு வேண்டியது 5 செமீ மேலே. வலப்பக்கம் 8 கிளிக், மேலே 9 செமீக்கு 12 கிளிக். 0.1 மில் (தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்) என்று எழுதியிருக்கும் ஸ்கோப்பானால் கிளிக் ஒன்று சரியாக ஒரு செமீ. கணக்கு இன்னும் இலகு. எந்த வகை என்று டயலின் மூடியிலேயே இருக்கும், பாராமல் ஊகிக்காதீர்கள்.

திருப்பிய பிறகு ஐந்து வெடி வைத்து நடுப்புள்ளியைப் பாருங்கள். சரியென்றால் டயலின் இலக்கத்தைப் பூச்சியத்துக்கு மாற்றி மூடியைப் பூட்டுங்கள். காற்று பலமாக வீசும் நாளில் இடவலத்தைத் திருத்த வேண்டாம். மணிக்கு பத்து மைல் பக்கக்காற்று 100 யாரில் ஒரு அங்குலம் வரை தள்ளும். அன்றைய காற்றை ஸ்கோப்புக்குள் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகக் கூடாது.

10. குளிர்ந்த குழலின் முதல் வெடி

மான் உங்களுக்குத் தருவது பெரும்பாலும் ஒரேயொரு வெடி, அதுவும் ஆறிய குழலில். ஆகவே வேறொரு நாள், காலையில் போய் ஒரே ஒரு வெடி வைத்து, தாளில் திகதியும் குளிரும் எழுதி வாருங்கள். அடுத்த கிழமை அதே தாளில் இன்னொன்று. இப்படி நாலைந்து முதல் வெடிகள் சேர்ந்த தாள்தான் என்னிடம் உள்ள தாள்களிலேயே பயனுள்ளது. முதல் வெடி எப்போதும் ஓரங்குலம் இடப்பக்கம் என்றால் அது துவக்கின் குணம்.

துப்புரவாக்கிய குழலின் முதல் வெடியும் விலகக்கூடும். சீரோ செய்த பிறகு வேட்டை முடியும்வரை நான் குழலுக்குள் தடி விடுவதில்லை. மழையில் நனைந்தால் மட்டும் உலரத் துடைப்பேன்.

11. மேசையை விட்டு எழும்புங்கள்

காட்டில் மேசை இல்லை. மீதி ரவைகளை நின்றபடி மரத்தில் சாய்ந்து, முழந்தாளிட்டு, முதுகுப்பையில் வைத்துச் சுடுங்கள். மேசையில் ஒன்றரை அங்குலம் போட்ட துவக்கு, நின்று சுடும்போது பன்னிரண்டு அங்குலம் போடும். எட்டு அங்குலத் தட்டில் பத்தில் ஒன்பது எந்தத் தூரம்வரை விழுகிறதோ அதுவே அந்த நிலையில் உங்கள் எல்லை. அதை நிலை வாரியாகக் கொப்பியில் எழுதுங்கள். என்னுடைய பக்கத்தில் 'நின்று: 60 மீற்றர்' என்று இருக்கிறது.

12. வேட்டைக்குப் போய்ச் சேர்ந்ததும்

நாலு மணிநேரம் காரில் குலுங்கி வந்த துவக்கை நம்பாதீர்கள். சுட அனுமதியுள்ள, பின்னால் மண்மேடு உள்ள இடத்தில் இரண்டு வெடி போதும். துவக்கு கீழே விழுந்தாலும் அப்படியே. சிராய்ப்பு இல்லை என்பதற்காக விட்டுவிட வேண்டாம். சீரோ தவறியிருந்தால் டயலுக்குப் போகாமல் 3ஆம் படிக்குப் போய் ஆணிகளைப் பாருங்கள்.